வீட்டில் சூடான மோக்கா: கட்டி தட்டாமல் செய்யும் முறை

சாக்லேட் காபி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கோகோ தூளைச் சூடான பாலில் நேராகக் கொட்டும்போது. கோகோவில் கொழுப்பு இருப்பதால் தண்ணீர் அதில் எளிதில் ஊறுவதில்லை. தூள் உருண்டு திரண்டு மேலே மிதக்கும். எவ்வளவு கலக்கினாலும் கட்டிக்குள் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். முதலில் பசை, பிறகு பால் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு கோப்பைக்குத் தேவையானவை: 150 மில்லி பால், 60 மில்லி கெட்டியான காபி டிகாக்ஷன், 2 தேக்கரண்டி கோகோ தூள், 2 தேக்கரண்டி சர்க்கரை, 15 கிராம் டார்க் சாக்லேட், ஒரு சிட்டிகை உப்பு. டிகாக்ஷன் இல்லையென்றால் ஒன்றரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூளை 60 மில்லி வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை சேர்க்காத கோகோ தூளாகப் பார்த்து வாங்குங்கள். டிரிங்கிங் சாக்லேட் தூளில் பெரும்பகுதி சர்க்கரைதான். காபியோடு சேர்ந்தால் சாக்லேட்டின் சுவை காணாமல் போய்விடும். கோகோவிலும் இரண்டு வகை உண்டு. சாதாரண கோகோவில் லேசான புளிப்பு இருக்கும். அமிலத்தை முறிக்கும் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய டச்சு கோகோ கருமையாகவும் புளிப்பின்றியும் இருக்கும். காபிக்கே ஒரு புளிப்பு இருப்பதால், என் தேர்வு எப்போதும் டச்சு வகைதான்.

படி 1: கோப்பையில் கோகோ, சர்க்கரை, உப்பு மூன்றையும் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். சர்க்கரைப் பரல்கள் தூளைப் பிரித்துவைக்கும். உப்பு கசப்பை அடக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

படி 2: சூடான டிகாக்ஷனில் இரண்டு தேக்கரண்டி மட்டும் ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் கோப்பையின் சுவரில் தேய்த்துக் குழையுங்கள். பளபளப்பான பசையாகும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். இங்கே செலவிடும் அரை நிமிடம்தான் பானத்தின் தரத்தை முடிவு செய்கிறது.

படி 3: மீதி டிகாக்ஷனையும் பொடியாக நறுக்கிய சாக்லேட்டையும் சேர்த்து, உருகும்வரை கலக்குங்கள். உருகிய சாக்லேட்டில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அது இறுகித் திரிந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இங்கே திரவம் தாராளமாக இருப்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

படி 4: பாலை மிதமான தீயில் சூடாக்குங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றி ஆவி எழுந்ததும் இறக்கிவிடுங்கள். சுமார் 65 டிகிரி செல்சியஸ் போதும். அந்தச் சூட்டில் பாலின் இனிப்பு நாவில் நன்றாகத் தெரியும். பொங்கவிட்டால் காய்ச்சிய வாடை வந்து சாக்லேட்டின் மணத்தை அமுக்கிவிடும்.

படி 5: பாலை முட்டை அடிக்கும் கம்பியால் அடித்து நுரைக்கவிட்டு, கோப்பையில் மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிக்கொண்டே அடிவரை கலக்குங்கள்.

கோகோ முழுமையாகக் கரைவதில்லை, பானத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஆறவிட்டால் அடியில் வண்டல் தங்கும்; குடிக்கும்போது இடையில் ஒருமுறை கலக்கிக்கொள்ளுங்கள். பசும்பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால் ஊற்றினால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம், அதிலேயே இனிப்பு இருக்கிறது.

பலருக்குச் செய்வதாக இருந்தால், மூன்றாம் படிவரை முன்கூட்டியே முடித்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். வேண்டும்போது சூடான பாலை ஊற்றிக் கலக்கினால் போதும்.