ஃபேஷன் டிசைன் படிக்க எவ்வளவு ஆகும்? கணக்குப் போடும் விதம்

முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி சொல்லும் கட்டணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, எதிர்ப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். வீட்டைத் திணறடிப்பது பெரும்பாலும் அந்த எதிர்ப் பக்கச் செலவுதான்.

சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டில் பி.டெஸ் என்ற டிசைன் பட்டப்படிப்பு 4 வருஷம், 8 செமஸ்டர், கட்டணம் மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அவர்களே கட்டண உதவி தருகிறார்கள், அதை விசாரிக்காமல் "நமக்கு எட்டாது" என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எதிர்ப் பக்கம். டிரேப்பிங் வகுப்பில் பொம்மை மேல் காடாத் துணியைக் குத்தி, வெட்டி, தோள் மடிப்பு சரியாக விழவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து, ஒரு ஜாக்கெட்டுக்கே மீட்டர் மீட்டராகப் போகும். துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் பேப்பர், நல்ல கத்தரி, பிரிண்ட் அவுட், லேப்டாப், கடைசி வருஷம் நாமே டிசைன் செய்து காட்டும் உடைக் கலெக்‌ஷனுக்குத் துணியும் தையல் கூலியும். இதையெல்லாம் சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள், அலுவலகத்தில் சொல்ல மாட்டார்கள். துணிக்கு ஷோரூம் வேண்டாம், திருப்பூர் காதர்பேட்டை மாதிரி இடத்தில் மிச்சத் துணி மலிவு.

கையில் பணமே இல்லையா? அரசு ஐடிஐயில் ஃபேஷன் டிசைன் பிரிவு ஒரு வருஷம்தான், பயிற்சிக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், அது நூலுக்கும் ஊசிக்குமாவது ஆகும். தையல் கை வந்தபிறகு பெரிய படிப்புக்குப் போனால் வெட்டிக் கெடுக்கும் துணியும் குறையும்.