கத்தரிக்கோலில் காகிதம் மடங்குகிறதா? கட்டைவிரலைப் பாருங்கள்

“அப்பா, இது வெட்டமாட்டேங்குது” என்று மகள் வந்து நின்றபோது அவளுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம். இரண்டு அலகுகளுக்கும் நடுவே காகிதம் வெட்டுப்படாமல் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அப்படியேதான் மடங்கியது. கடைசியில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) அவள் வெட்டுவதை அரை நிமிடம் பார்த்துவிட்டு, “விரலை விடுங்க, முழங்கை எங்க போகுது பாருங்க” என்றார். அதன்பிறகு ஆறு வாரம், தினமும் பத்து நிமிடம். இப்போது வட்டம் வெட்டுகிறாள். நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டரை, மூன்று வயதில் காகித ஓரத்தில் சின்னச் சின்னதாக நறுக்கத் தொடங்குவார்கள். கோட்டின் மேல் நேராக வெட்டுவது நான்கு வயதை ஒட்டி வரும். வட்டமும் சதுரமும் ஐந்து, ஆறு வயதுக்குள் கைவரும். குழந்தைக்குக் குழந்தை முன்பின் இருக்கும்.

படி 1: கத்தரிக்கோல் இல்லாமல் ஒரு வாரம்

கையைத் திறந்து மூடும் பலம் முதலில் வேண்டும். துணி கிளிப்பை அழுத்தி அட்டையில் மாட்டுவது, இடுக்கியால் பஞ்சு உருண்டைகளை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது, களிமண் பிசைவது எல்லாமே உதவும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது காகிதம் கிழிப்பது. ஒரு கை பிடிக்க, மறு கை இழுக்க வேண்டும். இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்யப் பழகுவது பின்னால் பெரிதும் கைகொடுக்கும்.

படி 2: உட்காருதல்

பாதம் தரையில் பதிய வேண்டும். எட்டவில்லை என்றால் கீழே ஒரு முக்காலி போடுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் விரல் நிலைக்காது.

படி 3: பிடி

மேல் வளையத்தில் கட்டைவிரல், கீழ் வளையத்தில் நடுவிரல். வளையம் பெரிதாக இருந்தால் மோதிரவிரலும் உள்ளே போகலாம். ஆள்காட்டி விரல் வெளியே, கீழ் வளையத்தின் முன்பக்கத்தைத் தாங்கியபடி நிற்கும். கட்டைவிரலை அடிவரை நுழைக்க விடாதீர்கள். நகத்துக்கு அடுத்த மூட்டோடு வளையம் நின்றால் போதும்.

படி 4: கட்டைவிரல் வானத்தைப் பார்க்க வேண்டும்

நாங்கள் தடுமாறியது இங்கேதான். வெட்டத் தொடங்கியதும் மகளின் முழங்கை சிறகு போல வெளியே எழும்பும். முழங்கை எழும்பினால் முன்கை உருண்டு, கட்டைவிரல் தரையைப் பார்க்கும். அப்போது அலகுகள் காகிதத்துக்குக் குறுக்கே நிற்காமல் அதோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காகிதம் மடங்காமல் என்ன செய்யும்? கை குலுக்க நீட்டுவோமே, அந்த நிலையில்தான் கை இருக்க வேண்டும்.

முதலில் அவள் கட்டைவிரல் நகத்தில் ஒரு சிரித்த முக ஸ்டிக்கர் ஒட்டி, “இந்த முகம் உன்னைப் பார்க்கணும்” என்றேன். ஆனால் கண் காகிதத்துக்குப் போனதும் ஸ்டிக்கர் மறந்துபோனது. அடுத்து அக்குளில் ஒரு காகிதச் சுருளை இடுக்கிக்கொள்ளச் சொன்னேன். சுருள் விழாமல் காப்பதிலேயே கவனம் போய், வெட்டுவது நின்றுவிட்டது.

பலித்தது மூன்றாவது வழி. ஓர் அட்டைப் பட்டையின் மேல்முனையை அலமாரித் தட்டின் விளிம்பில் டேப்பால் ஒட்டி, அவள் கண் உயரத்தில் தொங்கவிட்டேன். அடியிலிருந்து மேல்நோக்கி வெட்டச் சொன்னேன். கத்தரிக்கோலின் முனை மேலே பார்த்ததும் முழங்கை தானாக விலாவோடு வந்து ஒட்டிக்கொண்டது. ‘நறுக்’ என்று முதல் வெட்டு விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே அடுத்ததை வெட்டினாள். நான் வாயே திறக்கவில்லை.

நான்கு நாள் அப்படி வெட்டினாள். அப்புறம் அட்டையை அவள் முகத்துக்கு நேரே நானே பிடித்தேன். பிறகு நெஞ்சு உயரம், அப்புறம் மேசை. இறக்குவதில் அவசரம் வேண்டாம்.

படி 5: எதை வெட்டுவது?

மெல்லிய காகிதம் வேண்டாம், அது துவளும். அட்டையில் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வெட்டில் துண்டு விழும், குழந்தைக்கும் உற்சாகம் வரும். பிறகு நான்கு சென்டிமீட்டர், தடித்த மார்க்கர் கோட்டோடு. அப்புறம் நீளமான கோடு, முக்கோணம், கடைசியில் வட்டம். நீளமாக வெட்டும்போது ஒவ்வொரு முறையும் அலகை முனைவரை மூடினால் விளிம்பு பல் பல்லாக வரும். பாதி மூடி, முன்னே நகர்த்தி, மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

வட்டத்தில் காகிதம்தான் திரும்ப வேண்டும், கத்தரிக்கோல் அல்ல. வலது கைக் குழந்தை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டிக்கொண்டு போவது எளிது. இடது கைக்கு முள் சுற்றும் திசை.

எந்தக் கத்தரிக்கோல்?

முனை உருண்ட, உலோக அலகுள்ள, சின்ன வளையக் கத்தரிக்கோல்தான் என் தேர்வு. முழு பிளாஸ்டிக் கத்தரிக்கோலை வாங்காதீர்கள். பல சமயம் காகிதத்தை நசுக்கத்தான் செய்கிறது, குழந்தை தன் கையைத்தான் குறை சொல்லும். பெரியவர் விரலும் நுழைக்கும் நான்கு வளைய வகையும் எனக்கு ஒப்பவில்லை, வேலையை நாம் செய்துவிடுகிறோம். வெட்டும்போது பக்கத்திலேயே இருங்கள், கையில் கத்தரிக்கோலோடு எழுந்து நடக்க விடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: கட்டைவிரல் சரியாக இருந்தும் காகிதம் மடங்குகிறது என்று எழுதியிருந்தார் ஓர் அம்மா. விசாரித்தால் மகனுக்கு இடது கைப் பழக்கம்! இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வலது கைக் கத்தரிக்கோலை இடது கையால் அழுத்தினால் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகும், மேல் அலகு கோட்டையும் மறைக்கும். திருப்பிப் பிடித்தாலும் அலகின் அமைப்பு மாறாது. ‘இரு கைக்கும் பொருந்தும்’ என்று விற்பதில் பெரும்பாலும் கைப்பிடிதான் பொருந்தும். அலகே மாறியிருக்கும் இடது கைக் கத்தரிக்கோல் வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: மூட முடிகிறது, திறக்க முடியவில்லை என்றால், தானாகத் திறக்கும் ஸ்பிரிங் வகை சில வாரங்களுக்கு நல்லது. திறக்கும் பலம் வந்ததும் சாதாரண வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: ஐந்து வயது தாண்டியும் ஒரு வெட்டுகூட விழவில்லை, பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, கரண்டி பிடிப்பது எல்லாமே சிரமம் என்றால், வீட்டில் இன்னும் காத்திருக்காமல் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். புது இடத்தில் குழந்தை வெட்ட மறுக்கலாம். அதனால் வீட்டில் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். விரல்களை மட்டும் நெருக்கமாக எடுக்காமல், முழங்கையும் பாதமும் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.