வைரஸ் ஸ்கேன் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

தக்கலையில் டைப்பிங், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் குமாஸ்தாக்கள், பத்திரம் எழுதுபவர்கள், ப்ராஜெக்ட் எடுக்க வரும் காலேஜ் பிள்ளைகள் என்று வருகிற எல்லார் கையிலும் ஒரு பென் டிரைவ் இருக்கும். வைரஸ் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யாமல் ஒன்றையும் திறக்க மாட்டேன். ஒருவர் டிரைவில் இருக்கும் வைரஸ் என் மெஷின் வழியாக இன்னொருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் வயதான குமாஸ்தா ஒருவர் வாசலில் நின்று, “இன்னும் முடியலியா மக்களே, கோர்ட்டுக்கு நேரமாச்சு” என்று கேட்கும்போது வேகமும் வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓடும் ஸ்கேனை ஆட்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன்.

ஸ்கேன் மெதுவாகப் போனால் உடனே “பிராசசர் பழசு, மாற்றணும்” என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமே இல்லை. ஸ்கேன் ஓடும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியூ, அதாவது பிராசசர், 15, 20-லும் நின்றால், பிராசசர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஒவ்வொரு ஃபைலாகத் தேடி ஓட வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசசரும் ஒன்றும் செய்ய முடியாது. ஊசியே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் சாட்டா வகை நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். இன்னும் வேகமான என்விஎம்இ வகை அதைப் போலப் பல மடங்கு படிக்கும். கையில் காசு இருந்தால் முதல் செலவு இதற்குத்தான்.

பென் டிரைவிலும் இதே கதைதான். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் வரும். 16 ஜிபி நிறைந்த டிரைவை முழுக்கப் படிக்க ஒன்பது நிமிடம் போய்விடும். டிரைவ் 3.0 வகை என்றால் நீல நிற போர்ட்டில் சொருகுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சினிமாவும் பாட்டுமாக 64 ஜிபி கொண்டு வருபவர்களிடம் எந்த ஃபைல் வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் காப்பி செய்து, வலது கிளிக்கில் ஸ்கேன் கொடுக்கிறேன். டிரைவில் மற்ற எதையும் தொடுவதில்லை. டிரைவைச் சொருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயை அணைத்தே வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேன், நாம் மாற்றி வைக்காதவரை பென் டிரைவைப் பார்ப்பதே இல்லை. அதைத் தனியாகத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

சரி, டிஸ்க் எஸ்எஸ்டிதான், அதுவும் திணறவில்லை, ஆனாலும் சிபியூ பாதிக்கு மேல் ஏறவில்லை என்றால்? அட்டவணைப்படி ஓடும் ஸ்கேனுக்கு டிஃபெண்டர் தானே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: சராசரியாக 50 சதவீதம். நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போது மெஷின் முடங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கட்டளை தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, செட்-எம்பிப்ரிஃபரன்ஸ் (Set-MpPreference) கட்டளையில் ஸ்கேன் ஆவரேஜ் சிபியூ லோட் ஃபேக்டர் (ScanAvgCPULoadFactor) என்ற அமைப்பை 80 என்று வைக்கலாம். 5 முதல் 100 வரை கொடுக்கலாம். 0 கொடுத்தால் வரம்பே கிடையாது. 80 வைத்தால் நேரத்தையும் மாற்றுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே போனால் ஷெட்யூல்டு ஸ்கேன் இருக்கும். என் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடுகிறது. ராத்திரிக்கு வைத்தால் மழைக்காலத்தில் கரண்ட் போய் பாதியில் நின்றுவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம் வேறு.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூ வரைபடத்தை வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் மும்முரமாக ஓடி, மற்றவை தூங்கினால், அநேகமாக ஒரு பெரிய ஜிப் ஃபைலை அது பிரித்துக்கொண்டிருக்கும். அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போடுவது கடினம். பழைய பேக்கப் ஜிப்களை ஒருமுறை ஸ்கேன் செய்து வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

2021-ல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல பிராசசர்களில் வேகமான கோர், சிக்கனமான கோர் என்று இரண்டு வகை உண்டு. பின்னணியில் ஓடும் வேலையை விண்டோஸ் 11 சிக்கனமான கோருக்குத் தள்ளப் பார்க்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் வேகம் இன்னும் குறையும். ஸ்கேனின்போது சார்ஜரைச் சொருகி, பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். இன்டெல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது: மெமரியை ஸ்கேன் செய்யும் வேலையை உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்கு மாற்றிவிடுவது. 2018-ல் அதை அறிவித்தபோது, சிபியூ சுமை 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது என்று இன்டெல் சொன்னது. நாம் செய்ய வேண்டியது விண்டோஸையும் கிராஃபிக்ஸ் டிரைவரையும் அப்டேட்டில் வைத்திருப்பதுதான்.

சூட்டை மறக்காதீர்கள். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றும் ஈரமும் தூசியைப் பிசுக்காக்கி ஃபேனில் ஒட்ட வைத்துவிடும். நிமிடம் போகப் போக ஸ்கேன் மந்தமானால் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எக்ஸ்குளூஷன், அதாவது சில ஃபைல்களை ஸ்கேனிலிருந்து விலக்கி வைப்பது, அந்த விஷயத்தில் மட்டும் நான் கறார். மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தம்பிக்கு, போட்டோ எடிட்டிங் மென்பொருளின் தற்காலிக ஃபைல்கள் சேரும் கேஷ் ஃபோல்டர் ஒன்றை மட்டும் விலக்கிக் கொடுத்தேன். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென் டிரைவ் எழுத்து இவற்றை யார் கேட்டாலும் விலக்காதீர்கள். வைரஸ் வருவதே அந்த வழியில்தான். அப்புறம், ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்) என்ற வகையில் விலக்கினால் அது ஃபைல் திறக்கும்போதே சோதிக்கும் உடனடிப் பாதுகாப்புக்கு மட்டும்தான் பொருந்தும், நாம் ஓட்டும் ஸ்கேனின் நேரம் அதனால் குறையாது. இரண்டு ஆன்டிவைரஸும் வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டும் மாறி மாறித் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

லினக்ஸ்காரர்களுக்கு: கிளாம்ஏவி ஆன்டிவைரஸின் கிளாம்ஸ்கேன் (clamscan) கட்டளை ஒவ்வொரு முறையும் வைரஸ் பட்டியல் முழுவதையும் புதிதாக மெமரிக்கு ஏற்றும், ஒரே கோரில் ஓடும். பின்னணியில் ஓடும் கிளாம்டி (clamd) சேவையை ஓட விட்டு, கிளாம்டிஸ்கேன் (clamdscan) கட்டளையை மல்டிஸ்கேன் (--multiscan) என்ற அமைப்புடன் கொடுத்தால் எல்லா கோரும் வேலைக்கு வரும். மெமரி ஒரு ஜிபிக்கு மேல் பிடிக்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.