விசிட் விசாவில் போகிறவர்கள் எந்தத் திகதியைப் பார்க்க வேண்டும்?

போன மாதம் காரைதீவிலிருந்து ஒரு மாமி மட்டக்களப்பு கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கனடாவில் இருக்கும் மகளிடம் போகப்போகிறார். கைப்பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய பாஸ்போர்ட்டை எடுத்து, விசா ஒட்டிய பக்கத்தை விரித்து, ஒரு திகதியின் மேல் விரலை வைத்தார்.

“மனே, இதில 2031 எண்டு போட்டிருக்கு. அதுமட்டும் பிள்ளையோட இருக்கலாம்தானே?”

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் கனடாவின் ஸ்காபரோவில் தம்பி வீட்டில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டு வந்த நாளிலிருந்து, போக இருக்கிறவர்களும் போய் இறங்கிவிட்டவர்களும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். சிலர் விசாவைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மாமிக்குச் சொன்ன பதில் இதுதான். 2031 என்பது அந்த விசாவைக் காட்டிக் கனடாவின் வாசலுக்கு வரக்கூடிய கடைசி நாள். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது வேறு கணக்கு. அதை வாசலில் இருக்கும் எல்லை அதிகாரிதான் தீர்மானிப்பார். அவர் திகதி எதையும் எழுதாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து 6 மாதம். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் அந்த நாள் வரைக்கும்தான். ஒரு திகதியை எழுதிக் கொடுத்தால் அதுவே கணக்கு, அது மூன்றே வாரமாக இருந்தாலும் சரி.

மாமியின் முகம் வாடிவிட்டது. அவருக்கு வேண்டியது நீண்ட காலம் மகளோடு இருப்பது. அதற்கென்றே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தடவை போனால் 5 வருடம் வரை தங்கலாம். ஆனால் பிள்ளைக்கு அங்கே குறிப்பிட்ட அளவு வருமானம் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்தது 1 இலட்சம் கனடிய டொலருக்கு, ஒரு வருடத்துக்கான மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பிள்ளையோடு இதைப் பேசி முடிவெடுங்கள். சாதாரண விசிட் விசா கிடைத்த பிறகு இதைக் கேள்விப்பட்டுக் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு

பாரிஸிலும் ஜெர்மனியிலும் சுவிஸிலும் எங்கள் ஆட்கள் நிறைய இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் தொடங்கும் திகதி, முடியும் திகதி என்று இரண்டு இருக்கும். அவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். அதே ஸ்டிக்கரில் தங்கும் நாட்களின் எண்ணிக்கை தனியாக அச்சாகி இருக்கும். அதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

ஜூன் 10 முதல் ஜூலை 24 வரை என்று திகதி போட்டு, நாட்கள் என்ற இடத்தில் 30 என்று இருந்தால், உங்களுக்கு 30 நாள்தான். ஜூன் 10ஆம் திகதியே இறங்கினால் ஜூலை 9 கடைசி நாள். இறங்கும் நாளும் ஒரு நாள், புறப்படும் நாளும் ஒரு நாள். மிச்சமுள்ள 15 நாள், பயணம் பிந்தினால் சமாளிப்பதற்காகக் கொடுத்த இடைவெளி. அது கூடுதலாகத் தங்குவதற்கு அல்ல. அதிகபட்சக் கணக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள். பாரிஸில் 40 நாள், பிறகு சூரிச்சில் 50 நாள் என்று மாறி இருந்தாலும் எல்லாம் ஒரே கணக்கில்தான் சேரும்.

இந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது; 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பிந்திவிட்டது.

பெயர்

எங்கள் பகுதி ஆட்களுக்கு ஆகப் பெரிய தலையிடி இதுதான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரும் எங்கள் பெயரும்தான். உதாரணத்துக்கு, கந்தப்போடியின் மகள் நேசம்மா பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி இருப்பார். கல்யாணம் முடித்த பிறகு அடையாள அட்டையில் கணவரின் பெயரோடு இருப்பார். கனடாவில் இருக்கும் மகனின் பத்திரத்தில் அம்மாவின் பெயர் மூன்றாவது விதமாக இருக்கும். கந்தப்போடி என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு ‘பி’ போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு ‘பி’ போட்டு எழுதுவார். எங்களுக்கு எல்லாம் ஒரே ஆள். விசா அதிகாரிக்கு அது மூன்று ஆள்.

என் அம்மாவின் விண்ணப்பத்தை முதலில் டவுனில் ஒரு கடையில் கொடுத்து நிரப்பினோம். அவர்கள் குடும்பப் பெயருக்குரிய சர்நேம் என்ற இடத்தில் அம்மாவின் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டார்கள். அனுப்புவதற்கு முதல் நாள் இரவு தம்பி பார்த்துச் சொன்னதால் தப்பினோம். நீங்கள் இப்படிச் சரிபாருங்கள்: பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் இலங்கைக்குரிய ‘எல் கே ஏ’ எழுத்துகளுக்கு அடுத்து வருவது சர்நேம். இரண்டு அம்புக்குறி சேர்ந்து வந்த பிறகு இருப்பது மற்றப் பெயர்கள். படிவத்திலும் விமான டிக்கட்டிலும் காப்புறுதியிலும் அப்படியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும்.

பெயர் வித்தியாசம் இருந்தால் மறைக்க வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, பத்திரங்களோடு சேருங்கள். 1978 சூறாவளியிலோ 2004 சுனாமியிலோ பிறப்பு, விவாகப் பத்திரங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் கரையோரம் முழுக்க இருக்கின்றன. அவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடி எடுக்க நாள் போகும், ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் இதைத் தொடங்குங்கள். தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி அதே எழுத்துக்கூட்டலைக் கேட்டு வாங்குங்கள்.

காசும் கடிதமும்

கனடா விசிட் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டொலர், கைரேகைக்கு 85. கைரேகை கொடுக்க நாங்கள் கொழும்புக்குப் போனோம். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் என்பதால் வயதானவர்களை இரவு பஸ்ஸில் கொண்டுபோய் அப்படியே காலையில் வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒரு நாள் முந்திப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள். வயலிலும் அடுப்படியிலும் பாடுபட்ட விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். அம்மாவின் பெருவிரலை நாலு தடவை வைத்து எடுத்தார்கள். அந்தக் கிழமை விரலில் வெட்டுக்காயம் படாமலும் மருதோன்றி போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கொடுத்த கைரேகை கனடாவுக்கு 10 வருடம் செல்லும்.

வங்கிக் கணக்கில் திடீரென்று பெரிய தொகையைப் போட்டு அச்செடுத்துக் கொடுப்பது நல்லதைவிடக் கெடுதலே செய்யும். பென்சன் காசு மாதாமாதம் விழுவது, நெல் விற்ற காசு போகத்துக்குப் போகம் வந்து சேர்வது, இவைதான் உண்மையான ஆதாரம். மகள் அனுப்புகிற காசென்றால் மகள் அனுப்புகிறார் என்றே சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தில் அவருடைய முகவரி, தொழில், அங்கே அவருக்கு உள்ள குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம், நீங்கள் வந்து போகும் திகதிகள், யார் செலவைப் பார்ப்பது என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

திரும்பி வருவீர்கள் என்பதை எது காட்டும்? காணி உறுதி, அரச காணிப் பெர்மிட், பென்சன், இங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகள். உன்னிச்சைப் பக்கம் வயல் செய்கிற ஒருவர், பெரும்போக விதைப்புக்கு முன் வந்துவிட வேண்டும் என்று காரணம் எழுதி, காணிப் பத்திரத்தையும் வைத்தார். அது உண்மை, அதனால் அதில் தடுமாற்றமே இல்லை.

இந்த இடத்தில் ஏஜென்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. “விசிட் விசாவில் போனால் போதும், மறுகா வேலை, வதிவிடக் கார்ட் எல்லாம் நாங்க பார்த்துத் தாறம்” என்று சொல்லி இலட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். விசாவைத் தருவேன் என்று உறுதி சொல்ல எந்த ஏஜென்டாலும் முடியாது. போலி வங்கிப் பத்திரமோ போலி வேலைக் கடிதமோ பிடிபட்டால், கனடா 5 வருடம் உள்ளே விடாது. அதைத் தயாரித்தவர் வேறு ஆளாக இருந்தாலும் தண்டனை உங்கள் பெயரில்தான். நகையை அடகு வைத்து, வயலை ஈடு வைத்து இந்தக் காசைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து கட்டாதீர்கள்.

வழியில்

கனடாவுக்கு நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது மாற வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஃபிராங்க்பர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் நாட்டு விமான நிலையங்களில் மாறுவதற்கே தனி விசா தேவை. செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் அதிலிருந்து விலக்கு கிடைக்கும். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் டிக்கட் எடுக்கும் முன் இதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கட்டுநாயக்கவில் செக்-இன் கவுண்டரிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள்.

பொதியில் கருவாடு, தொதல், மிளகாய்த்தூள் போகும் என்று தெரியும். கனடாவில் கேட்டால் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்ப்பார்கள், கூடாததை எடுத்துவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம். ஐரோப்பாவுக்கு இறைச்சியும் தயிர், நெய் போன்ற பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. கறிவேப்பிலை, கீரை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரம் எத்தனையும் கொண்டுபோகலாம்! குளிசைகளைப் பெட்டியோடும் டாக்டரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கைப்பையில் வையுங்கள். கனடாவில் 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும்; ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 10,000 யூரோ.

வாசலில் அதிகாரி கேட்பது நாலைந்து கேள்விதான். ஏன் வந்தீர்கள், யார் வீட்டில், எத்தனை நாள், எப்போது திரும்புவீர்கள். மகளின் முகவரி, தொலைபேசி இலக்கம், திரும்பும் டிக்கட், காப்புறுதி எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். அந்த நேரம் பார்த்துப் போனில் சார்ஜ் இருக்காது. மொழி விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். “தமிழ்” என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அம்மாவிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது, “பேரப்பிள்ளையப் பாக்க. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குப் போயிருவன்” என்றார். மாமாங்கம் எங்கள் ஊர்க் கோயில். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அதிகாரி முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

போய் இறங்கிய பிறகு

முத்திரை குத்திய பக்கத்தை அன்றைக்கே பாருங்கள். திகதி ஏதும் கையால் எழுதியிருக்கிறதா, தனியாக ஒரு தாள் தந்தார்களா என்று பாருங்கள். முத்திரையே குத்தாமல் விடுவதும் உண்டு. அப்போது போர்டிங் பாஸை எறியாமல் வைத்திருங்கள், வந்த நாளுக்கு அதுதான் சாட்சி.

விசிட் விசாவில் வேலை செய்ய முடியாது. சொந்தப் பேரப்பிள்ளையை வீட்டில் பார்ப்பது வேலை ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காசுக்குப் பார்ப்பதும், சொந்தக்காரரின் கடையில் கைக்காசுக்கு நிற்பதும் வேலைதான். இதில் சிக்கினால் அடுத்த விசாவும் போய்விடும்.

ஸ்காபரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரச மருத்துவத் திட்டம் விசிட்டர்களுக்கு இல்லை. ஓர் இரவு ஆஸ்பத்திரியில் இருந்தாலே பில் பெரிதாக வரும். காப்புறுதி எடுக்கும்போது பிரஷர், சீனி வருத்தம் இருப்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்கு எந்த அளவு கொடுப்பார்கள் என்பதைப் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும்.

கூட இருக்க வேண்டுமென்றால், அனுமதி முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் ஒன்லைனில் நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், பதில் வரும் வரை அங்கேயே சட்டப்படி இருக்கலாம். தவறவிட்டால், அதன் பின் 90 நாளுக்குள் நிலையைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. அதற்குக் கூடுதல் கட்டணமும் உண்டு, கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

மாமி போன கிழமை புறப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதைக்கு விசிட் விசாவில் இருப்பது, சூப்பர் விசாவுக்கு மகள் வருமானப் பத்திரங்களைச் சேர்ப்பது என்று முடிவு. இறங்கிய அன்று இரவே மகள் முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். திகதி எதுவும் எழுதியிருக்கவில்லை. 6 மாதத்தை எண்ணிக் கடைசி நாளையும், அதற்கு 30 நாள் முந்திய நாளையும் எழுதி அனுப்பினேன். இரண்டையும் குசினியில் தொங்கும் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டதாக மாமி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்.