வயிறு நிறைந்தும் சத்துக் குறைவது ஏன்? குழந்தைக்கு இணை உணவு தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு டம்ளர் ராகிக் கூழ் புகட்டுகிறோம். மடமடவென்று குடித்துவிட்டு ஏப்பமும் விடுகிறது. வயிறு கும்மென்று இருக்கிறது. "இன்னிக்கு நல்லா சாப்பிட்டுச்சு" என்று வீடே நிம்மதியாகிறது.

அந்த டம்ளருக்குள் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி மாவு. மாவு ஏறக்குறைய 10 கிராம். அதிலிருந்து கிடைப்பது 30, 35 கலோரி. தாய்ப்பால் குடிக்கும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் போக, உணவிலிருந்து மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கூழை வைத்து அதை எட்ட ஆறு டம்ளர் புகட்டியாக வேண்டும். நடக்கிற காரியமா? இந்த வயதில் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி. எட்டுக் கிலோ பிள்ளை என்றால் 240 மில்லி. ஒரு டம்ளர் கூழோடு இடம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தாய்ப்பாலுக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சின்ன இடத்தைச் சத்தில்லாத ஒன்றால் அடைத்துவிடுவதால் வருபவை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பிரசவம் ஏறத்தாழ முழுக்க ஆஸ்பத்திரியில் நடக்கிற, ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிற மாநிலத்தின் நிலை இது. வறுமைக்கும் சுகாதாரக் கேட்டுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பருப்பும் முட்டையும் வாங்க முடிகிற வீட்டிலும் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கிறதே, அதுதான் மனதை அறுக்கிறது. அங்கே அடுப்படியிலேயே மாற்ற முடிந்ததைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீராகக் கொடுப்பது

முதல் குற்றவாளி பருப்புத் தண்ணி. குக்கரைத் திறந்ததும் மேலே தெளிந்து நிற்பதைக் கரண்டியில் மொண்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குழந்தைக்கு. "பருப்போட சத்தெல்லாம் இதுலதான் எறங்கியிருக்கு" என்பார்கள். இறங்கியிருப்பது மஞ்சள் நிறமும் வாசனையும் கொஞ்சம் உப்புகளும்தான். புரதம் அடியில் படிந்த பருப்போடு பெரியவர்கள் தட்டுக்குப் போய்விடுகிறது. ரசம் சாதத்தின் தெளிவு, சூப்பு, கஞ்சித் தண்ணி எல்லாவற்றுக்கும் இதே கதை.

நீர்க்கக் கொடுப்பதற்குக் காரணம் பயம். கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், செரிக்காது என்று நினைக்கிறோம். ஆறு மாதம் முடிந்து, தலை நின்று, பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிற குழந்தை நன்றாக மசித்த உணவை விழுங்கும். பதம் பார்க்க ஒரு சுலபமான வழி: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உணவு ஒழுகி ஓடக் கூடாது, கரண்டியோடு ஒட்டி நிற்க வேண்டும்.

வீட்டுச் சமையலிலிருந்தே எடுக்கலாம். சாம்பாருக்குப் பருப்பும் கேரட்டும் பூசணியும் வெந்ததும், மிளகாய்த்தூளும் புளியும் சேர்க்கும் முன் குழந்தைக்கு இரண்டு மூன்று கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். குழைந்த சாதத்தில் அதைப் போட்டுக் கையாலேயே மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட வேண்டும். அந்த நெய்யில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. மேலே சொன்ன டம்ளர் கூழில் இருந்ததைவிட அதிகம், ஆனால் வயிற்றில் அது பிடிக்கும் இடம் ஐந்து மில்லி. கேரட், பூசணி, கீரையில் இருக்கும் வைட்டமின் ஏ சத்தை உடல் எடுத்துக்கொள்வதற்கும் இந்தக் கொழுப்பு வேண்டும். "நெய் விட்டா சளி பிடிக்கும்" என்று அதை மட்டும் நிறுத்திவிடுவது வீண் நஷ்டம்.

கூழ்தான் பழக்கம் என்றால், நம் பாட்டிமார் கைவசம் வைத்திருந்த முளைகட்டுதல் கைகொடுக்கும். மாவு சூடானதும் அதிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி உப்பி, களியாகிவிடுகிறது. இளக்குவதற்குத்தான் நாம் தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்றுகிறோம். கேழ்வரகை முளைகட்டினால் அமைலேஸ் என்ற நொதி உருவாகி அந்த ஸ்டார்ச்சைத் துண்டாக்கிவிடுகிறது. முளைகட்டி, காயவைத்து, இலேசாக மட்டும் வறுத்து அரைத்த மாவில் ஒரு தேக்கரண்டியை, கட்டியாகக் காய்ச்சிய கூழில் சூட்டோடு கலந்தால் கண்ணெதிரே இளகும். தண்ணீர் சேர்க்காமலே குழந்தைக்கு ஏற்ற பதம் வந்துவிடுகிறது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு. கருக வறுத்தால் நொதி செத்துவிடும், அது மட்டும் கவனம்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கேழ்வரகு முளைமாவு, கோதுமை, வெல்லம், பருப்போடு வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்த்திருக்கிறார்கள். அது குழந்தையின் பங்கு. பாக்கெட் வந்ததும் பணியாரம் சுட்டு வீடே பகிர்ந்து தின்றுவிடுவதும், ஆடு மாட்டுக்குக் கலக்குவதும் கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து அதைக் குழந்தைக்கென்று தனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

மசித்தே கொடுத்துக்கொண்டிருப்பதும் தவறுதான். எட்டு, ஒன்பது மாதத்தில் கையில் பிடித்துக் கடிக்க இட்லித் துண்டு, வேகவைத்த கேரட், நேந்திரம்பழத் துண்டு கொடுக்கலாம். பத்து மாதம் தாண்டியும் மிக்ஸியில் அடித்தே புகட்டினால், பிறகு மெல்லவே மறுக்கும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே, காரம் குறைத்துச் சாப்பிடப் பழகியிருக்க வேண்டும்.

பால், பிஸ்கட், டீ, டப்பா மாவு

"சோறு தொடவே மாட்டேங்குது, ஆனா பால் மட்டும் எவ்ளோ வேணா குடிக்கும்." ஒன்றரை வயதுப் பிள்ளையின் அம்மா இப்படிச் சொன்னால், அந்தப் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். பசும்பாலில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. அதிலுள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு முன் பசும்பாலையே முக்கிய பாலாகக் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் ஏற்படும். தாயின் வயிற்றில் இருந்தபோது சேமித்த இரும்பு ஆறு மாதத்தோடு தீரத் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். பால் குறைந்தால் பசி வரும், பசி வந்தால் சோறு இறங்கும்.

பாலில் ஊறவைத்த பிஸ்கட் என்பது மைதாவும் சர்க்கரையும். டீயில் தொட்ட வர்க்கி அதைவிட மோசம், டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால்.

டப்பாவில் வரும் மால்ட் மாவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூலி வாங்கிய காசில் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் தாராளமாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே கிடையாது என்பதால், அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. புரதப் பவுடருக்கும் அவசரப்பட வேண்டாம். 1960களில் உலகமே 'புரதப் பற்றாக்குறை' என்று பேசிக்கொண்டிருந்தபோது, சேலத்தில் பிறந்தவரும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்தியவருமான சி. கோபாலன், நம் பிள்ளைகளுக்கு முதல் குறை கலோரிக் குறைதான் என்றார். வீட்டில் சமைக்கும் தானியமும் பருப்பும் போதுமான அளவு உள்ளே போனாலே புரதமும் பெருமளவு கூட வந்துவிடும் என்பது அவர் குழுவின் ஆய்வுகள் காட்டியது. டப்பாவுக்குப் போகும் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

"பல்லே முளைக்கல, அதுக்குள்ள முட்டையா?"

"அத்தை, முட்டை குடுக்கச் சொல்லி நர்ஸம்மா சொன்னாங்க."

"ஏம்மா, பல்லே முளைக்கல, அதுக்குள்ள முட்டையா? மாந்தம் வந்துரும். ஒரு வயசு ஆகட்டும்."

பல வீடுகளில் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. அத்தைக்குப் பேரப்பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அவர் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாக வேகவைத்த முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். மஞ்சள், வெள்ளை இரண்டுமே. ஒத்திப்போடுவதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதில்லை. புதிய உணவு எதையும் காலையில், சிறிதளவு கொடுத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். தடிப்பு, வாந்தி இல்லையென்றால் தொடரலாம். முள் எடுத்த மீனும் மசித்த கோழி ஈரலும் இதேபோல. இரும்புக்கு ஈரலை விஞ்ச இந்த வயதில் வேறு உணவு இல்லை என்றே சொல்வேன்.

சைவ வீடுகளில் கீரையை நம்பித்தான் ஆக வேண்டும். காம்பு நீக்கிய முருங்கை இலை, பருப்போடு குழைய வெந்தது, இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சை. செடியுணவில் இருக்கும் இரும்பு லேசில் உடம்பில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் சேரும். மறுநாள் மலம் பச்சையாக வந்தால் "செரிக்கவே இல்ல" என்று கீரையை நிறுத்த வேண்டாம். நிறம் வெளியேறுவது இயல்பு.

முதல் மாதங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்தவுடன் நாக்கில் சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணி, தெருவில் விற்கும் கழுதைப்பால், சங்கில் புகட்டும் உரை மருந்து எதுவும் வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டாம். ஒரு வயது வரை தேனே கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரக்கூடும். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை, ஏழாம் மாதம் தொடங்கியபின் தாய்ப்பால் மட்டும் போதாது.

காய்ச்சல் வந்ததும் சோற்றை நிறுத்துவது

பேதி ஆகிற குழந்தைக்கு மூன்று நாள் ஜவ்வரிசிக் கஞ்சியும் இளநீரும் மட்டும். காய்ச்சல் என்றால் ரஸ்க். சளி என்றால் பழம் கிடையாது, தயிர் கிடையாது. வருடத்தில் ஐந்தாறு முறை இப்படி வந்தால் எடை ஏறவே வாய்ப்பில்லை. நோயோடு போராடும் உடம்புக்குக் கூடுதல் உணவுதான் தேவை. பேதியின்போது ஓஆர்எஸ், தொடர்ந்து தாய்ப்பால், வழக்கமான உணவைச் சிறிது சிறிதாக அடிக்கடி. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தேறிய பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடையை அப்போதுதான் மீட்க முடியும்.

பார்வையால் எடை போடுவது

"அவங்கப்பா மாதிரி ஒல்லி உடம்பு" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ பிள்ளைகளின் குறை மறைந்துபோகிறது. முதல் இரண்டு வருடங்களில் உயரம் குன்றுவதற்குப் பரம்பரையைவிட உணவும் அடிக்கடி வரும் நோயுமே பெரிய காரணம். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாக வேண்டும், ஒரு வயதில் மும்மடங்கு. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டால் மட்டும் போதாது, அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோடு மேலேறாமல் படுத்துவிட்டால், பிள்ளை சுறுசுறுப்பாக ஓடினாலும் காரணம் தேட வேண்டும்.

அங்கேயே ஒரு மூவண்ண நாடா இருக்கும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளையின் இடது மேல்கையின் நடுவில் சுற்றி அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும்; 11.5க்கும் குறைந்து சிவப்பில் நின்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு.

இன்னொரு நிலை பார்வையை முழுக்க ஏமாற்றிவிடும். கன்னம் உப்பி, கால் பருத்து, "பூசினாப்ல ஆயிட்டான்" என்று சந்தோஷப்படும் பிள்ளையின் இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, பிள்ளை எதற்கெடுத்தாலும் சிணுங்கினால் குவாஷியோர்கர் என்ற கடும் குறைபாடாக இருக்கலாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். வழியில் பரிதாபப்பட்டு வயிறு முட்ட ஊட்டிவிடாதீர்கள். பட்டினிக்குப் பழகிய உடம்பில் திடீரென உணவு நிறையச் சேர்ந்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயமே தடுமாறும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையானால் அதை மட்டும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே போகலாம். மருத்துவமனையில் இதற்கென்று அளந்து கலக்கிய பாலை இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். வீக்கம் வடியும்போது எடை முதலில் குறையும். அதைப் பார்த்துப் பயந்து, பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். வடிந்து, பசி திரும்பிய பிறகுதான் எடை ஏறத் தொடங்கும்.