சினை ஊசி போட்ட முதல் மாதம் மாட்டுக்கு என்ன போடுகிறீர்கள்?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே மாடு வளர்க்கிறேன். "ஊசி போட்டும் சினை நிக்கலைக்கா" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஊசி போட்ட பிறகு மாடு என்ன தின்றது என்பதைத்தான்.

கரு உண்டானதும் கர்ப்பப்பையில் ஒட்டிவிடாது. 16, 17-ஆம் நாள் வாக்கில் அது சுரக்கும் ஒரு புரதம்தான் சினையைத் தாய்க்கு உணர்த்துகிறது. அது போதாவிட்டால் சினையைத் தாங்கும் ஹார்மோன் இறங்கி, மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும் ரசாயனங்கள் இந்த நாட்களில் புகுந்தால் கெடுதல். பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பீனால்-ஏவை அதிக அளவில் கொடுத்த சுண்டெலிகளுக்குக் கரு பதியவே இல்லை.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மக்காச்சோளம். கதிரை உரித்து மணிகளின் இடுக்கைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூஞ்சணம் படர்ந்திருந்தால் அது ஃபுசேரியமாக இருக்கலாம். அதிலிருந்து வரும் சீரலெனோன் என்ற நஞ்சு ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும், வேகவைத்தாலும் போகாது. பன்றிகள்தான் அதிகம் பாதிக்கப்படும், ஆனால் கிடேரிகளையும் விடாது. கன்றே போடாத கிடேரிக்கு மடியும் அறையும் (பிறப்புறுப்பு) வீங்கினால் தீவனத்தைச் சந்தேகப்படுங்கள். தட்டிக் காயவைத்துப் போடலாம் என்பார்கள். வேண்டவே வேண்டாம், குழி தோண்டிப் புதையுங்கள்.

அடுத்தது தோப்புப் புல். மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் அடிக்கிற மருந்தெல்லாம் கீழே புல்லில்தான் சொட்டுகிறது. அதில் ஒன்றான கார்பன்டாசிம், சோதனையில் எலிகளின் கருவை அழித்திருக்கிறது. ஊசி போட்ட முதல் மாதம் வரப்புப் புல்லோ நேப்பியர் தீவனப்புல்லோ போடுங்கள். காலி மருந்து கேனில் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஒரு நோட்டில் ஊசி போட்ட தேதியையும், திரும்பக் கத்திய தேதியையும் எழுதுங்கள். 18 முதல் 24 நாளுக்குள் கத்தினால் கரு தரிக்கவில்லை, அல்லது தொடக்கத்திலேயே போய்விட்டது. 25 நாள் தாண்டிக் கத்தினால், கரு இருந்து அழிந்திருக்கலாம். இந்த வித்தியாசம் டாக்டருக்குப் பெரிய துப்பு. ஊசி நேரம் தவறுவது, தாது உப்புக் குறைவு, கர்ப்பப்பை நோய் என வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பார்க்காமலே 'மலடு' என்று காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தாமல் இருந்தாலும் சினை என்று நம்பிவிடாமல், 60 நாள் கழித்து டாக்டரிடம் கை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.