ஷியான் நகரப் பேருந்து விளம்பரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் ஷியான் நகருக்காகப் புதியவர்கள் வடிவமைக்கும் விளம்பரக் கோப்புகள் சரிபார்ப்புக்கு என்னிடம் வருகின்றன. எழுத்துப்பிழையையும் மங்கிய படத்தையும் அச்சகத்தாரே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பேருந்தின் எந்தப் பக்கம்?

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சாலையின் இடப்புறம் வண்டி ஓடும் ஊர்களில் வளர்ந்த நம் வடிவமைப்பாளர்கள், பேருந்தின் படிக்கட்டு இடப்பக்கம்தான் இருக்கும் என்று யோசிக்காமலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். சீனாவில் போக்குவரத்து வலப்புறம், கதவுகளும் வலப்பக்கமே. அண்மையில் ஒரு தேயிலை நிறுவனத்துக்காக வந்த கோப்பில், கதவே இல்லாத இடப்பக்கத்தில் கதவுகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். வலப்பக்கத்திலோ நிறுவனத்தின் பெயர் நடுக்கதவின் மேலேயே விழுந்திருந்தது. நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அதே நேரத்தில் கதவு திறக்கும், பெயரில் பாதி காணாமற்போகும். ஒட்டிய பிறகு தெரிந்தால், வினைல் முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி அச்சிட வேண்டியதுதான். அந்தச் செலவை எந்த வாடிக்கையாளரும் ஏற்பதில்லை.

கதவை மட்டும் இடம் மாற்றினால் போதாது. வெளியிலிருந்து வலப்பக்கத்தைப் பார்ப்பவருக்குப் பேருந்தின் முகப்பு வலக்கோடியில் இருக்கும். ஓடும் குதிரை ஒன்றை வரைந்தால் அதுவும் வலப்புறம் நோக்க வேண்டும், இல்லையென்றால் பேருந்து முன்னே போகக் குதிரை பின்னே ஓடும்.

1384இல் கட்டப்பட்டு 1582இல் இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்ட மணிக்கோபுரத்தை வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிச் செல்கின்றன. ஆகவே வெளிவட்ட நடைபாதையில் நின்று படமெடுப்பவருக்கு, கோபுரத்தின் முன்னால் தெரிவது பேருந்தின் வலப்பக்கம். வாடிக்கையாளர்கள் ஆசைப்படும் படமும் அதுவே. தடங்கலில்லாமல் அகலமாக இருக்கிறதே என்று இடப்பக்கத்தில் பணத்தைக் கொட்டினால், அந்த வளைவில் விளம்பரத்தைப் பார்ப்பது கோபுரம் மட்டுமே.

மதிலருகே பலகை

சுமார் 13.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மிங் அரசமரபுக் காலத்து நகர மதில், 1961 முதல் தேசிய அளவில் பாதுகாக்கப்படும் சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வெளிப்புற விளம்பரம் வைப்பதை 2015இல் திருத்தப்பட்ட விளம்பரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தடுக்கிறது. இடத்தைப் பேசி முடிப்பதற்கு முன் எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

“மிகச் சிறந்தது”

எழுதாதீர்கள், அதே சட்டத்தில் அபராதம் 2 லட்சம் யுவானில் தொடங்குகிறது.

சுரங்க ரயில் நடைமேடை

2011 முதல் ஓடும் 2ஆம் தடத்தின் சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரமாகக் கண்ணாடித் தடுப்பும் கதவுகளும் உண்டு. தண்டவாளத்துக்கு அப்பாலுள்ள விளக்குப்பெட்டி விளம்பரத்தை அவற்றின் சட்டகங்கள் துண்டு துண்டாக வெட்டிவிடும் என்பதால், பெயரை ஒரு கண்ணாடியின் அகலத்துக்குள் அடக்கிவிடுங்கள்.